மாமன் மடி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஏன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? இடம் இருக்கு. நீங்க யோசிக்கிறது புரியுது. இந்த ஆளு போக மிச்சம் எவ்வளவு இருக்கும்னுதானே பார்க்குறீங்க? தை மாசம் வந்திருந்தீங்கன்னா யோசிச்சது சரி. அப்பல்லாம் ரெண்டு பேர் சீட்டுல நான் உக்காந்தா பக்கத்துல என் குடை மட்டும்தான் உக்காரும். அதுவும் ஒருக்களிச்சுத்தான். இப்ப பாருங்க, நீங்க, உங்க பை, நான், என் பை. அதுக்கு மேல காத்துப் போகவும் வழி இருக்கு.

மதுரைக்கா? நானும் மதுரைதான். சின்னமனூர்ல ஏறினேன். சும்மா ஏறல, ஓடி வந்து ஏறினேன். இந்தக் கண்டக்டர் எங்க ஊர்ப் பையன். நான் ஸ்டாப்புல நின்னு கையைக் காட்டுறேன். என்னைப் பார்த்துட்டு, விசில் அடிக்காம, பெட்ரோல் பங்கு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துறான். "ஓடி வாங்கண்ணே, ஓடி வாங்க"ன்னு படியில நின்னு சிரிப்பு வேற. நாலஞ்சு மாசமா இதே கூத்து. எங்க ஊரே அப்படி ஆயிப்போச்சு தம்பி. ஒரு மனுசன் கஷ்டத்துல இருக்கையில துணைக்கு ஒரு நாதி இல்ல.

என்ன கஷ்டம்னு கேட்டீங்களா? கேட்கலையா? பரவாயில்ல, தேனி வர நேரம் இருக்கு, சொல்றேன்.

என் பேரு சுருளிவேல். பாத்திரக்கடை வச்சிருக்கேன். எவர்சில்வர், பித்தளை, செம்பு எல்லாம் உண்டு. எனக்கு ஒரே தங்கச்சி, இந்திராணி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு, இனிமே இல்லைன்னு எல்லாரும் விட்ட பிறகு, அவளுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பிறந்துச்சு. ஆதிரைன்னு பேரு. அந்தப் பிள்ளைக்கு நான்தான் தாய்மாமன்.

உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துறப்ப தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். சீர்வரிசை எல்லாம் அதுக்கப்புறம்தான். முதல்ல மடி. அதுவும் எங்க குலசாமி முன்னாடி நாற்காலி ஆகாது, ஸ்டூல் ஆகாது. தரையில சமுக்காளம் விரிச்சு, சம்மணம் போட்டு உக்காரணும்.

என் பிரச்சனை என்னன்னா தம்பி, எனக்கு மடி இல்ல.

சிரிக்காதீங்க. மடிங்கறது தனியா ஒரு உறுப்பு இல்ல. வயித்துக்கும் முட்டிக்கும் நடுவுல இருக்கிற இடம், அவ்வளவுதான். என் வயிறு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி வந்து அந்த இடத்தை எடுத்துக்கிச்சு. பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டுற மாதிரி, நமக்கே தெரியாம. நான் ஒண்ணும் பெருந்தீனிக்காரன் இல்ல. காலையில இட்லி, கடை திறந்ததும் ரெண்டு வடை, மதியம் சோறு, சாயங்காலம் சிக்கந்தர் கடையில நாலு பரோட்டா, அப்புறம் வீட்டுக்கு வந்து லேசா ஒரு ஏழெட்டுத் தோசை. இவ்வளவுதான். எல்லாம் உடம்பு வாகு.

தை மாசம் பிள்ளைக்கு மூணாவது பிறந்தநாள் கொண்டாடினாங்க. போட்டோ எடுக்கணும், மாமன் மடியில பிள்ளையை வைங்கன்னு சொன்னாங்க. ரெண்டு பேர் பிடிச்சு என்னைத் தரையில உக்கார வச்சாங்க. பிள்ளையைத் தூக்கி வச்சாங்க. வச்ச இடத்துல நின்னாத்தானே? வயித்து மேல இருந்து சர்ருன்னு சறுக்கிக்கிட்டு சமுக்காளத்துல போய் விழுந்துச்சு. அழும்னு பார்த்தா கையைத் தட்டிக்கிட்டு எந்திரிக்குது. "மாமா, இன்னொரு தடவ!" அவ்வளவுதான். அந்த வீட்டுல இருந்த அத்தனை பிள்ளைகளும் எனக்கு முன்னாடி வரிசை கட்டி நின்னுருச்சு. பார்க்குல சறுக்கு மரத்துக்கு நிக்கிற மாதிரி. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு முந்துது, ஒண்ணு செருப்பைக் கழட்டிட்டு வருது.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இந்திராணியோட மாமியார் மட்டும் சிரிக்கல. அந்தம்மா சொன்னாங்க, "சிரிப்பு இருக்கட்டும். ஆசாரி கையில ஊசி இருக்கும்போது பிள்ளை இப்படிச் சறுக்குனா என்ன ஆகும்?"

அதோட விடல அந்தம்மா, ஓரமா நின்னவனைக் கையைக் காட்டிச் சொன்னாங்க.

"மடி இருக்கிற மாமனா ஒருத்தர் உக்காரட்டும். இந்தத் தவமணி இருக்கான்ல, அவனும் மாமன் முறைதானே?"

தவமணி யாருன்னு சொல்லணும். என் சித்தப்பா மகன். ஆளு தென்னங்குச்சி. என்ன தின்னாலும் எங்க போகும்னு தெரியாது. கடைவீதி முக்குல மிஷினை வச்சுக்கிட்டு பாத்திரத்துல பேர் வெட்டிக் கொடுக்கிறதுதான் தொழில். முந்தி என் கடைப் பாத்திரம் எல்லாம் அவன்தான் வெட்டுவான். ஆனா ஒரு கெட்ட பழக்கம் அவனுக்கு. பேரை வெட்டினோமா விட்டோமான்னு இருக்க மாட்டான். பக்கத்துல ஒரு மயிலையும் வெட்டுவான். மயில்னு அவன்தான் சொல்றான். பார்த்தா கோழி மாதிரி இருக்கும். அடை காக்கிற கோழி. ஒரு கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் மொத்தத்துலயும் கோழி. பொண்ணு வீட்டுக்காரங்க கடைக்கு வந்து, "நாங்க என்ன கோழிப்பண்ணையா வச்சிருக்கோம்?"னு சண்டை. "டேய், மயிலை நிறுத்துடா"ன்னேன். "கை தானாப் போகுதுண்ணே, வெட்டலைன்னா வேலை முடிஞ்ச மாதிரியே இல்ல"ங்கறான். சரிதான் போடான்னு நானே ஒரு மிஷின் வாங்கிட்டேன். அன்னிக்கு இருந்து என் கடைச் சாமான்ல அவன் கை படுறதில்ல.

அப்பேர்ப்பட்டவன் என் இடத்துல உக்காரணுமாம். அவன் என்ன சொல்லியிருக்கணும்? "எங்க அண்ணன் இருக்கும்போது நான் உக்கார மாட்டேன்"னு சொல்லணுமா இல்லையா? சொன்னான். சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சொன்ன விதம் சரியில்ல. ரொம்ப வேகமாச் சொன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ரோஷம். "வைகாசியிலதானே காதுகுத்து? அதுக்குள்ள எனக்கு மடி வரும்!"னு சபையில சொல்லிட்டேன். என் சம்சாரம் தமயந்தி, "டாக்டரும் இதைத்தான் ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. சர்க்கரைக்கு வராத ரோஷம் இதுக்காவது வந்துச்சே"ன்னா. அப்புறம் எல்லாரும், "நாங்க துணைக்கு இருக்கோம்"னாங்க. இந்திராணி சொன்னா, சிக்கந்தர் சொன்னான், தவமணியும் சொன்னான். அதோட சரி தம்பி. மறுநாள்ல இருந்து ஒவ்வொருத்தரா என்னைக் கைவிட்டாங்க.

முதல்ல ஸ்கூட்டர். நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டி. தமயந்தி ஏதோ சத்தம் வருதுன்னா, மெக்கானிக் வந்து ஓட்டிக்கிட்டுப் போனான். இன்னிக்கு வரைக்கும் வரல. ஏதோ ஒரு சாமான் சென்னையில இருந்து வரணுமாம். நானும் வாரா வாரம் போய்க் கேக்குறேன். வண்டி அங்கதான் நிக்குது. பளபளன்னு துடைச்சு, மேல துணியெல்லாம் போர்த்தி வச்சிருக்கான். ரிப்பேர் பண்ணத் துப்பில்ல, துடைக்க மட்டும் தெரியுது. வீட்டுக்கும் கடைக்கும் நடந்தே கால் தேஞ்சு போச்சு.

சரி, நடந்த அலுப்புக்கு ரெண்டு பரோட்டா சாப்பிடலாம்னு சிக்கந்தர் கடைக்குப் போனா, "மாமா, இப்பத்தான் மாவு தீர்ந்துச்சு"ங்கறான்.

"கல்லுல வேகுதே, அது என்னடா?"

"அது ஆர்டர் மாமா."

"யார் ஆர்டரு?"

"பேர் சொல்லல மாமா."

"சரி, ஒரு ஆம்லெட் போடு."

"வெள்ளைக்கரு மட்டும்தான் இருக்கு."

"மஞ்சக்கரு?"

"இப்ப வர்ற கோழியெல்லாம் அப்படித்தான் மாமா."

என் பின்னாடி வந்தவன் பார்சல் வாங்கிட்டுப் போறான் தம்பி, என் கண்ணு முன்னாடி. சின்ன வயசுல இருந்து மாமா மாமான்னு கூப்பிட்டவன். ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. தினம் நான் படி ஏறும்போது மட்டும் எப்படித் தீரும்? வியாபாரம் படுத்துப் போச்சு, வெளியில சொல்ல வெக்கப்படுறான்னு நினைச்சு, நான் ஒண்ணும் பேசிக்கல. பாவம், பிள்ளைக்குட்டிக்காரன்.

வீட்டுக் கதை அதைவிட மோசம். மதியச் சாப்பாடு கடைக்கு வந்துடும், கல்யாணம் ஆன நாள்ல இருந்து. தை மாசத்துக்கு அப்புறம் தமயந்திக்கு மறதி. சாப்பாடு அனுப்ப மறந்துடுறா. சரின்னு வீட்டுக்கு நடந்து போனா கதவு பூட்டியிருக்கு. போன் பண்ணினா, "இந்திராணி வீட்டுல இருக்கேன், இங்க வந்துடுங்களேன்"ங்கறா. இந்திராணி வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்க போனாத்தான் சோறு. அதுவும் என்ன சோறு? ஒரு கை சோறு, அதைச் சுத்திக் கீரை, பூசணிக்கா, சுரைக்கா. அப்பளம்கூட இல்ல. நான் மாப்பிள்ளைக்கு ஏதோ பணமுடைபோலன்னு பயந்துட்டேன். தங்கச்சியைத் தனியாக் கூப்பிட்டு, "ஏதாவது கஷ்டம்னா அண்ணன்கிட்ட சொல்லும்மா"ன்னேன். அவ முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு உள்ள ஓடிட்டா. அழுறான்னு நினைக்கிறேன்.

ஆனா ஒண்ணு, அங்க போனதுல பிள்ளை முகத்தைப் பார்க்க முடிஞ்சுது. நான் சாப்பிட்டு முடிச்சதும் வந்து நிக்கும். "மாமா, மடி வந்துச்சா?"ன்னு கேட்கும். கேட்டுட்டு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரைத் தூக்கிட்டு வந்து, வயித்துக்கு முன்னாடி வைக்கும். மாசியில டம்ளர் நின்னுச்சு தம்பி. அது குதிச்ச குதிப்பைப் பார்க்கணுமே! அப்புறம் ஒரு சொம்பைக் கொண்டு வந்துச்சு. சொம்பு ரொம்ப நாள் நிக்கல. உருண்டு உருண்டு ஓடும், அதுவும் பின்னாலேயே ஓடும். பங்குனிக் கடைசியில சொம்பு நின்னுச்சு. "அடுத்து என்னடி?"ன்னா, ரெண்டு கையாலயும் ஒரு குண்டானை இழுத்துக்கிட்டு வருது. நான் பார்த்த வியாபாரத்துலயே அவ்வளவு கறாரான ஆளைப் பார்த்ததில்ல.

சீலையம்பட்டி வந்துருச்சா? அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க, தூசி வருது.

என்னமோ நீங்க இந்தக் கையைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. செப்புக் காப்பு. என் கடை அயிட்டம்தான். நான் இளைச்சது எப்படின்னு ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உண்மை என்னன்னா, எல்லாம் இந்தக் காப்பு பண்ணின வேலை. தை மாசம் போட்டேன், அன்னிக்கு இருந்து இறங்க ஆரம்பிச்சுது. வேற நான் ஒண்ணுமே செய்யலையே! மெனக்கெட்டு உடற்பயிற்சியா பண்ணினேன்? இல்ல. பத்தியமா இருந்தேன்? இல்ல. நீங்க ஒல்லியாத்தான் இருக்கீங்க, இருந்தாலும் ஒண்ணு போட்டு வைங்க. கடைக்கு வாங்க, தர்றேன்.

எங்க விட்டேன்? தவமணி. அவன்தான் இருக்கிறதுலயே பெரிய தொல்லை. அவன் ஒரு நாய் வளர்க்கிறான், டைகர்னு பேரு. அது தினம் காலையில காணாமப் போயிடும். தினம்! விடிஞ்சும் விடியாம வந்து கதவைத் தட்டுவான். "அண்ணே, டைகரைக் காணோம். கொஞ்சம் கூட வாங்கண்ணே, ஒத்தையில தேட முடியல." நானும் இரக்கப்பட்டுப் போவேன். ஆத்தங்கரை, வாழைத் தோப்பு, ரைஸ்மில் பின்னாடி, பாலத்துக்கு அந்தாண்டன்னு சுத்தி வருவோம். "டைகர், டைகர்"னு கத்திக்கிட்டே நடப்போம். திரும்பி வந்து பார்த்தா நாய் அவன் வீட்டு வாசல்ல படுத்திருக்கும், ஒண்ணும் தெரியாத மாதிரி. அதுக்கு ஒரு மூச்சு வாங்குறதுகூட இருக்காது. ஒரு தடவை நாங்க தேடக் கிளம்பும்போதே அவன் வீட்டுக் கொல்லையில இருந்து நாய் குரைச்சுது. "டேய், உள்ளதானே இருக்கு?"ன்னேன். "அது வேற நாய்ண்ணே"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டான். ஒரு நாயைக் கட்டிப்போட வக்கில்லாதவன், இவனுக்கு மாமன் உரிமை கேக்குது!

சித்திரையில ஒரு நாள், வெயில் ஏறிடுச்சு. ஆத்தங்கரையில ஒரு கல்லு மேல உக்காந்தேன். முட்டி வலி. எந்திரிக்க முடியல. முந்தின நாள்தான் பிள்ளை குண்டானை வச்சுப் பார்த்துச்சு, நிக்கல. அது ஒண்ணும் சொல்லல, குண்டானைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அது சும்மா போனதுதான் எனக்குத் தாங்கல. மனசு விட்டுப்போச்சு தம்பி. யார்கிட்டயும் சொல்லாததை அவன்கிட்ட சொல்லிட்டேன். "தவமணி, எனக்கு வராதுடா. நீயே உக்காந்துக்க. பிள்ளை காதுல ஊசி தவறிடக் கூடாது."

அவன் என்ன செஞ்சான் தெரியுமா? நெத்தியில கையை வச்சு ஆத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அப்புறம், "அண்ணே, அந்தப் பக்கம் டைகர் குரைக்கிற மாதிரி இருக்கு, எந்திரிங்க"ன்னான்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கல.

"எந்திரிங்கண்ணே, நாய் போயிடும்"னு ரெண்டு கக்கத்துலயும் கையைக் கொடுத்துத் தூக்கிட்டான். ஒல்லியா இருந்தாலும் பிடி இருக்கு. பாருங்க தம்பி, நான் நெஞ்சு உடைஞ்சு பேசுறேன், அவனுக்கு நாய் பெருசு. அன்னிக்குப் பாலத்தைத் தாண்டி அடுத்த ஊர் எல்லை வரைக்கும் தேடினோம். நாய் வீட்டுல.

வைகாசி வந்துச்சு. போன வெள்ளிக்கிழமைதான் காதுகுத்து. மலை அடிவாரத்துல எங்க கோயிலு. மேளம் எல்லாம் பிரமாதம். பிள்ளைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டிக் கொண்டு வந்தாங்க. ஆசாரி உக்காந்துட்டாரு. சமுக்காளம் விரிச்சாச்சு. இந்திராணி மாமியார் என்னையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, சாமியைக் கும்பிட்டுட்டு, ஒரு கையைத் தரையில ஊனி உக்காந்துட்டேன். சம்மணமும் போட்டுட்டேன். யாரும் பிடிக்கல.

ஆனா அப்பத்தான் வலி ஆரம்பிச்சுது. சம்மணம் போட்டா முதுகு பின்னாடி சாயப் பார்க்குது. சாஞ்சா வயிறு முன்னாடி வந்து மடி போயிடும், பிள்ளை சறுக்கிடும். வேர்த்துக் கொட்டுது எனக்கு. இந்த நேரம் பார்த்து அந்தத் தவமணி, புது வேட்டி கட்டிக்கிட்டு, எனக்குப் பின்னாடி வந்து நிக்கிறான். எதுக்கு வந்து நிக்கிறான்? நான் எந்திரிச்சா டக்குனு உக்காரத்தானே? நின்னவன் சும்மா நின்னானா? முட்டியை என் முதுகுல வச்சு அழுத்துறான். சபையில திரும்பி என்ன சொல்றது? முன்னாடி தள்ளப் பார்க்குறான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். தள்ளுடா பார்ப்போம்னு நானும் அந்த முட்டி மேலயே முழு பாரத்தையும் போட்டு உக்காந்துட்டேன். அவன் கால் நடுங்குறது எனக்குத் தெரியுது. விடல அவன். நானும் விடல.

பிள்ளையைத் தூக்கி வச்சாங்க.

நின்னுச்சு தம்பி.

ஆசாரி ஒரு காது குத்தினாரு. பிள்ளை கத்துச்சு, உதைச்சுது, என் சட்டையைப் பிடிச்சு இழுத்துச்சு. ஒரு இஞ்சு சறுக்கல. ரெண்டாவது காதும் குத்தியாச்சு. மேளக்காரன் கொட்டுறான், பொம்பளைங்க குலவை போடுறாங்க. பிள்ளை கண்ணு, மூக்கு எல்லாம் ஒழுகி, அப்படியே அண்ணாந்து என்னைப் பார்த்துச்சு. விக்கிக்கிட்டே சொல்லுது, "மாமா, நான் விழல." அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியல. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டேன். வெயில்.

சரி, அதோட முடிஞ்சுதே, இனிமேலாவது ஊர் திருந்தும்னு பார்த்தா, திருந்தல. ஸ்கூட்டர் சாமான் இன்னும் சென்னையில இருக்கு. சிக்கந்தருக்கு இன்னும் மாவு தீருது. நேத்துக்கூட டைகரைக் காணோம். நான் ஒருத்தனா நின்னு சாதிச்சேன் தம்பி. ஊர்ல எவனும் ஒரு கை கொடுக்கல.

மதுரைக்கு எதுக்குப் போறேன்னு சொல்லலையே. ஒரு புகார். இந்தப் பையில என்ன இருக்கு தெரியுமா? என் சாப்பாட்டுத் தட்டு. வீட்டுல தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன். தமயந்திக்கு நான் சரக்கு எடுக்கப் போறேன்னுதான் தெரியும்.

விஷயம் என்னன்னா, தட்டு தேயுது. ஆமா, எவர்சில்வர் தட்டுதான். கல்யாணத்துல இருந்து நான் அதுலதான் சாப்பிடுறேன். முந்தி ஆறு இட்லி வச்சா சட்னிக்கும் சாம்பாருக்கும் தாராளமா இடம் இருக்கும். இப்ப மூணு இட்லி வச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. "என்ன தமயந்தி, தட்டு சின்னதாத் தெரியுது?"ன்னேன். "எத்தனை வருஷமாத் தேய்க்கிறேன், தேயாம என்ன பண்ணும்?"னா. கேட்டா நியாயமாத்தான் இருக்கு. வேற தட்டா இருக்குமோன்னு நான் சந்தேகப்படக் கூடாது பாருங்க, ஓரத்துல என் பேரு இருக்கே! பேர் வெட்டின தட்டு மாறுமா? எங்க ஊர்ல பாத்திரம் தொலைஞ்சாலும் பேரை வச்சுத்தான் வீடு வந்து சேரும். அப்ப தட்டு அதேதான். தேஞ்சதுதான். இவ்வளவு வருஷமா வியாபாரத்துல இருக்கேன், ஒரு கஸ்டமர்கூடத் தட்டு தேஞ்சு போச்சுன்னு வந்ததில்ல. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சிருக்கேன். மதுரையில மொத்த வியாபாரி முகத்துல இதைக் காட்டி, என்னய்யா சரக்கு போடுறீங்கன்னு கேக்கணும்.

இருங்க, காட்டுறேன். இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க. ஓரத்துல பார்த்தீங்களா, சுருளிவேல். இப்ப அப்படியே திருப்புங்க. அடியில கம்பெனி முத்திரை இருக்கும், அதைத்தான் அந்த ஆளுக்குக் காட்டணும்...

கொடுங்க இப்படி.

வெளிச்சத்துல பிடிங்க கொஞ்சம்.

இது என்ன தம்பி இது, முத்திரைக்குப் பக்கத்துல? சின்னதா? நீங்க சொல்லுங்க, உங்களுக்கு நல்ல கண்ணு. கோழியா?

அடை காக்கிற கோழி.

கோழி இல்ல தம்பி. அது மயிலு.

முன்னாடி வெட்டினா நான் பார்த்துடுவேன்னு பின்னாடி வெட்டியிருக்கான் தவமணி. வெட்டாம இருக்க முடியல பாருங்க அவனால. வேலை முடிஞ்ச மாதிரி இருக்காதாம். தமயந்தி என் கடையில தட்டை எடுத்தா எனக்குத் தெரிஞ்சுடும்னு வேற கடைக்குப் போயிருக்கா. பாத்திரக்கடைக்காரன் பொண்டாட்டி, வேற கடையில போய் நின்னு தட்டு வாங்கியிருக்கா. இவன்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்திருக்கா.

அப்ப அந்த முட்டி...

கொஞ்சம் இருங்க தம்பி. பேசாதீங்க கொஞ்சம்.

ஆத்தங்கரையில எனக்கு ஒரு சத்தமும் கேட்கலைன்னு சொன்னேன்ல? அவனுக்கும் கேட்டிருக்காது.

கோட்டூர் தாண்டிட்டோமா? கண்டக்டர்! தம்பி, நான் வீரபாண்டியில இறங்கிக்கிறேன். மதுரைக்குப் போகல. டிக்கெட் கிடக்கட்டும். ஒரு சாமான் மறந்துட்டு வந்துட்டேன், அதான்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க, எந்திரிக்கிறேன். இல்ல, கை வேணாம், எந்திரிச்சிருவேன். பார்த்தீங்களா? தட்டைத் தமயந்தி தேடுறதுக்குள்ள அடுப்படியில வச்சிடணும். நான் பார்த்துட்டேன்னு அவங்க யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அப்புறம் ஸ்கூட்டர் திரும்பி வந்துடும், சிக்கந்தருக்கு மாவு இருக்கும். எல்லாம் போச்சு.

இந்தாங்க, இந்தக் காப்பை நீங்க வச்சுக்கங்க. சும்மாதான், வச்சுக்கங்க. இதுல ஒண்ணும் இல்ல.

பாருங்க, ஸ்டாப்பு போயிடுச்சு. எங்க கொண்டு போய் நிறுத்துறான்னு பாருங்க. சரிப்பா, சரி, நடந்துக்கிறேன். நீ விசில் அடி.

வர்றேன் தம்பி. காலையில சீக்கிரம் எந்திரிக்கணும். டைகரைத் தேடப் போகணும். கொல்லையிலதான் கட்டிக் கிடக்கும். இருந்தாலும் தேடணும்.